மூன்றாம் நம்பருக்காக ஏறிய மாடி: கிருஷ்ணகிரியில் ஒரு ஜெர்சி கடை

கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது இந்த ஜெர்சி பிரின்டிங் கடை. படிக்கட்டு குறுகல், போர்டும் சின்னது. போன மாதம் ஒரே ஒரு ஜெர்சி அடிக்கப் போனேன். ஒரு பீஸ் என்றாலே "பதினஞ்சு இருந்தா வாங்கண்ணா" என்று அனுப்பிவிடுகிற கடைகளைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இங்கே கடைக்கார அக்கா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "யாருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கடையைப் பற்றியும் சொல்ல முடியும்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஃபுட்பால் டீமுக்கு 19 வருஷம் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவராக, ஆடியவர் என் பெரியப்பா மகன். அதில் 12 வருஷம் கேப்டன். ஓசூரில் ஒரு கம்பெனி டீமுக்கு வேலையும் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. மாங்காய் சீசனில் மாங்கூழ் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் நேராக கிரவுண்டுக்கு வந்து மே மாத டோர்னமென்ட் ஆடியிருக்கிறார். முட்டி இனிமேல் தாங்காது என்று ஆனபிறகு, கடைசி மேட்ச் இது என்று அவரே தேதி சொன்னார். அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஜெர்சி. பின்னால் 3.

ஏன் 3 என்றால், அது இத்தாலி ஆட்டக்காரர் மால்டினியின் நம்பர். 2005 மே மாதம், நள்ளிரவு தாண்டி, அண்ணன் வீட்டு டிவியில் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய கிளப் கோப்பை ஃபைனல் பார்த்தோம். நான் பத்தாவது முடித்திருந்தேன். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இத்தாலி கிளப் ஏசி மிலானின் கேப்டன் பாவ்லோ மால்டினி கோல் அடித்துவிட்டார். "பேக் ஆடுறவன்டா அவன்!" என்று, தடுக்கிற ஆளே கோல் அடித்ததைப் பார்த்து அண்ணன் கத்தியதில் பெரியம்மா எழுந்துவிட்டார். இடைவேளைக்கு 3-0. அப்புறம் எதிரணியான இங்கிலாந்து கிளப் லிவர்பூல் மூன்றையும் திருப்பி, பெனால்டியில் கோப்பையையும் கொண்டுபோனது. விடிகிற வரை அண்ணன் பேசவில்லை. அந்த வருஷம்தான் அவர் எங்கள் டீமில் சேர்ந்தார். 3-ஆம் நம்பர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

மால்டினி அளவுக்கு ஒரே இடத்தில் நின்றவர்கள் ரொம்பக் குறைவு. 1985 ஜனவரி 20, உதினே ஊரில், 16 வயதில், இடைவேளைக்குப் பிறகு மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2009 மே வரை, 25 சீசன், 902 மேட்ச், எல்லாம் ஏசி மிலானுக்கே. வலது கால்காரர். ஆனால் டீமுக்குத் தேவை என்று லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுக்கிறவராக, ஆடி, உலகத்திலேயே சிறந்த லெஃப்ட் பேக் என்று பேர் வாங்கினார். 1994 ஐரோப்பிய ஃபைனலில் நடுவில் தடுக்கிற ஃபிராங்கோ பரேசி, கோஸ்டகுர்டா இரண்டு பேருக்கும் ஆடத் தடை. மால்டினியை நடுவில் நிறுத்தினார்கள், பார்சிலோனாவை 4-0 என்று மடக்கினார்கள். கேப்டன் பட்டை கைக்கு வந்தது 1997-இல், பரேசி ஓய்வு பெற்ற பிறகு. அதாவது 12 வருஷம் இன்னொருவருக்குக் கீழே ஆடிவிட்டுத்தான் கேப்டன். இத்தாலி லீக் 7 தடவை, ஐரோப்பியக் கோப்பை 5 தடவை. அவருடைய அப்பா சேசரே மால்டினியும் மிலான் கேப்டன்தான். அப்பா 1963-இல் லண்டன் வெம்ப்லியில் கோப்பையைத் தூக்கினார், மகன் 40 வருஷம் கழித்து அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரில் தூக்கினார். 2007-இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று ஜெயித்தபோது அவருக்கு 39 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி. அன்றைக்கும் விடிய விடிய டிவி முன்னால்தான் இருந்தோம்.

நாட்டுக்கு ஆடியதில் அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 126 மேட்ச் ஆடியும் 1994 உலகக் கோப்பை பெனால்டியில் போனது, 2000 யூரோ கோப்பை கூடுதல் நேரத்தில் போனது. 2002-இல் அவர் விலகிக்கொண்டார், 2006-இல் இத்தாலி உலகக் கோப்பை ஜெயித்தது. அந்த இரவு அண்ணனுக்குப் பாதி சந்தோஷம்தான்.

இதைவிட எனக்குத் தாங்காதது சொந்த மைதானத்தில் மால்டினியின் கடைசி மேட்ச். 2009 மே 24, சான் சீரோ மைதானம், ரோமாவிடம் 3-2 தோல்வி. முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி நடந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லப் போனார். சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதி அவரைப் பார்த்து எதிர்ப்பாக விசில் அடித்தது, ஒரே கேப்டன் பரேசிதான் என்று பாடியது. 25 சீசன் ஆடியவருக்கு! அடுத்த வாரம் ஃப்ளாரன்ஸில் கடைசி மேட்ச். அங்கே எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் ஊரில் அண்ணனுக்கு அப்படி ஒரு விசில் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று ஆறேழு பேர் சேர்ந்து முடிவு செய்தோம். இந்த ஜெர்சி அதில் ஒரு வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆன்லைனில் ஒரு மால்டினி ஜெர்சி வாங்கிக் கொடுத்திருந்தேன். பேரில் 'ஏ'வை விட்டுவிட்டு அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது துவைப்பில் நம்பரும் உரிந்தது. திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. அதனால் இந்தத் தடவை கண் முன்னால் அடிக்க வேண்டும் என்று இருந்தேன்.

கடையில் டிசைன் செய்யும் தம்பிக்கு இருபது வயது இருக்கும். கம்பெனி லோகோவோ கிளப் முத்திரையோ போட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டான், அது எனக்குப் பிடித்தது. சிவப்பும் கருப்பும் பட்டை போட்ட திருப்பூர் ரெடிமேட் சட்டை மூன்றை மேஜையில் விரித்தான். பட்டை அகலமாக இருந்தால் நம்பர் எடுபடாது என்று சொல்லி, ஒல்லிப் பட்டை உள்ளதை அவனே எடுத்துக் கொடுத்தான். நம்பர் வெள்ளை, சுற்றி மெல்லிய கருப்பு ஓரம். அதன் மேலே மால்டினி என்று போடச் சொன்னேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்பர் அவரோடது, பேரு நம்ம அண்ணனோடதா இருக்கட்டுமே, தமிழ்லயே அடிச்சுடலாம்ணா" என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை.

தமிழில் அடிப்பது லேசில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். வினைல் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை மெஷின் வெட்டிய பிறகு, வேண்டாத பகுதியை ஊசியால் குத்தி உரிக்க வேண்டும். அண்ணன் பேரில் மெய்யெழுத்து இரண்டு. மேலே இருக்கிற புள்ளி கடுகு அளவு. உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது, ஒட்டினாலும் துவைப்பில் நிற்காது. முதல் ஷீட்டில் ஒரு புள்ளி போய்விட்டது. தம்பி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளிகளையும் மிளகு அளவுக்குப் பெரிதாக்கி மறுபடி வெட்டினான். அப்புறம் ஹீட் பிரஸ், சூடு வைத்து அழுத்தி ஒட்டுகிற மெஷின். தட்டை இறக்கி, எண்ணி, தூக்கினான். உடனே உரிக்கவில்லை. ஒரு துணியால் அழுத்தித் தேய்த்து, சூடு ஆறும் வரை காத்திருந்து, மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக மேல் ஷீட்டை இழுத்தான். புள்ளி இரண்டும் நின்றன. வீணான ஷீட்டுக்குக் காசு வாங்கவில்லை.

சட்டை 280, நம்பரும் பேரும் 120, மொத்தம் 400 ரூபாய். இந்த வேலைக்கு இது குறைவு என்றுதான் சொல்வேன். அண்ணி துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பவர். காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க அண்ணன் இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார், பத்துத் தடவையாவது துவைத்தாகிவிட்டது. ஓரம் கிளம்பவில்லை, புள்ளியும் விழவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி, கரண்ட் போனதால் சனிக்கிழமை சாயங்காலம்தான் அடித்துக் கொடுத்தார்கள். ஞாயிறு மேட்ச், எனக்கு வயிற்றைக் கலக்கியது. எக்ஸ்எல் சட்டை தோளில் பிடிக்கிறது, ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். காலரில் நூல் தொங்கியது, அக்கா அங்கேயே கத்தரித்துவிட்டார். டீமுக்கு மொத்தமாக அடிப்பவர்கள் 20 நாள் முன்னால் போவது நல்லது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பையைத் திறந்து சட்டையை எடுத்தபோது முதலில் தொட்டது நம்பரை. அப்புறம் பேரைத் திருப்பிப் பார்த்தார், இரண்டு புள்ளியையும் கட்டை விரலால் தடவினார். "மால்டினி பக்கத்துல என்னை ஏன்டா போட்டீங்க" என்று மட்டும் கேட்டார். மேட்ச் 1-1. முடிந்ததும் எதிரணி உட்பட எல்லாரும் வரிசையாக நின்றோம். கைதட்டல் தவிர வேறு சத்தமே இல்லை.

மிலானில் மால்டினியோடு 3-ஆம் நம்பரையும் எடுத்து வைத்துவிட்டார்கள், அவர் மகன் ஒருவன் ஆட வந்தால் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு. டேனியல் மால்டினி வந்தார், ஆனால் 27 போட்டு ஆடினார். பொங்கல் டோர்னமென்டுக்கு எங்கள் டீமுக்கே புது செட் சொல்ல போன வாரம் மறுபடி அந்த மாடி ஏறினேன். ஒன்று முதல் பதினைந்து வரை தம்பி வரிசையாக எழுதிக்கொண்டே வந்தான். இரண்டுக்கு அடுத்து பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நான்கு என்று எழுதினான். 14 பீஸ், ஒன்று 330 ரூபாய், முன்பணம் 2,000 கொடுத்திருக்கிறோம்.