ஆழமில்லா ஆறுகளில் மூஸ் வேட்டை: தட்டையடிப் படகும் ஜெட் மோட்டாரும் பல பருவங்களுக்குப் பின்

அலாஸ்காவின் உட்பகுதியில் தானனா, சல்ச்சா போன்ற ஆறுகளில் செப்டம்பர் மாத மூஸ் (மிகப்பெரிய மான் இனம்) வேட்டைக்குப் படகு வாங்குகிறவர்கள், அது எத்தனை அங்குலத் தண்ணீரில் ஓடும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். 20 அடி நீளத் தட்டையடி அலுமினியப் படகையும், 115 குதிரைத்திறன் எஞ்சினில், விசிறிக்குப் பதிலாக நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் ஜெட் பொருத்திய அவுட்போர்டு மோட்டாரையும் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுவது) பல பருவங்களாக ஓட்டிவரும் நான் கேட்கச் சொல்வது வேறு: திரும்பி வரும்போது அந்தப் படகு எவ்வளவு எடை தாங்கும்?

வளர்ந்த ஆண் மூஸ் ஒன்றில் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி தேறும். உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் கொண்டுவர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஜெட் படகு நாலைந்து அங்குல நீரில் ஓடுவதெல்லாம் வேகமெடுத்து நீரின் மேல் எழும்பிய பிறகுதான். பாரம் மிகுந்து எழும்ப முடியாமற்போனாலோ, நடுவில் வேகத்தைக் குறைத்தாலோ, படகு அமிழ்ந்து சரளைக்கற்களின் மேல் உட்கார்ந்துவிடும். போதாததற்கு, தானனா பனியாறுகள் உருகி வரும் நீரில் ஓடுவதால், செப்டம்பரில் இரவுக் குளிர் கூடக் கூட நீர்மட்டம் இறங்குகிறது. போகும்போது தாண்டிய மணல்திட்டு, பாரத்தோடு திரும்பும்போது வழிமறிக்கும்.

ஜெட் பொருத்தியதும் 115 குதிரைத்திறன் ஏறக்குறைய 80 ஆகிவிடுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. ஆகவே தானனாவின் கீழ்ப்பகுதியிலும் அது சேரும் யூக்கான் ஆற்றிலும் மட்டுமே செல்கிறவருக்கு, மோட்டாரை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்புடன் கூடிய சாதாரண விசிறி மோட்டாரும், அப்பகுதியில் நெடுங்காலமாகப் புழங்கும் நீண்டு ஒடுங்கிய படகும் போதும் என்பேன். விசிறி நீண்ட தண்டின் நுனியில் அமைந்த நீள்தண்டு மோட்டார் களை மண்டிய தேங்குநீருக்கு நல்லது. எதிர்நீரோட்டத்தில் பொறுமையைச் சோதிக்கும். கல் நிறைந்த சல்ச்சாவின் மேற்பகுதிக்கு ஜெட்டைத் தவிர வேறு எதையும் நான் நம்பமாட்டேன்.

ஜெட்டுக்கு நாம் கொடுக்கும் விலை பராமரிப்பு. தானனாவின் சாம்பல் நிற வண்டல் உப்புத்தாள்போல் இம்பெல்லரின் (ஜெட்டுக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சுழலியின்) விளிம்பைத் தேய்க்கிறது. எஞ்சின் சுற்று ஏறியும் படகு நகர மறுத்தால், முதலில் உறிஞ்சுவாய்க் கம்பிகளுக்கிடையே சிக்கிய கூழாங்கற்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால், மழுங்கிய விளிம்பை அரத்தால் தீட்டி, தண்டிலுள்ள மெல்லிய வளையங்களை இடம் மாற்றி, இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். ஓட்டம் முடிந்ததும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை பேரிங்குக்குப் புதிய கிரீஸ் அடிப்பதை நான் தவறவிடுவதில்லை.

படகைப் பொறுத்தவரை, அடித்தகடு 0.16 அங்குலத்துக்குக் குறையாமலும் இணைப்புகள் ஆணியடிக்காமல் பற்றவைக்கப்பட்டும் இருப்பது நல்லது. அடியில் ஒட்டப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் பலகை எடையைக் கூட்டினாலும், கல்மேட்டில் ஏறிய படகை இழுத்துவிடும்போது அதன் அருமை தெரியும். தட்டையடி, வளைவுகளில் பக்கவாட்டில் வழுக்குவதைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

துடுப்புகள் கட்டாயம் இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தி, அது தந்த வேகம் முற்றிலும் அடங்கிய பிறகே மோட்டார் படகிலிருந்து சுடச் சட்டம் அனுமதிக்கிறது, அந்நேரத்தில் நீரோட்டத்தில் படகைத் திருப்ப வேறு வழியில்லை. கையால் இயக்கி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஒன்றும், கரையிலுள்ள மரத்தை எட்டும் அளவுக்கு நீண்ட கயிறும் அவற்றோடு சேரட்டும்.