கோதம் ஃபான்ட்: எழுத்து அருமை, ஓனர் மாறினதுதான் யோசனை

போன மாசம் ஒரு பல் டாக்டருக்கு போர்டு டிசைன் பண்றப்ப கோதம் ஃபான்ட்ட மறுபடி உக்காந்து பார்த்தேன். ஒரே பேரு, ஒரே சைஸு, ஒண்ணு டைம்ஸ் நியூ ரோமன்ல ஒண்ணு கோதம்ல பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட நீட்டுனேன், அவங்க இங்கிலீஷ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க, ஆனா கோதம்ல இருந்தத விரலால தொட்டு "இவரு புது மெஷின்லாம் வச்சிருப்பாரு போல"ன்னாங்க. மெஷினப் பத்தி நான் வாயே தொறக்கல!

ஓ எழுத்து கிட்டத்தட்ட காம்பஸ்ல போட்ட வட்டம், ஆர் எழுத்தோட கால் நேர்கோடா எறங்கும், சுழியோ அலங்காரமோ எங்கயும் இல்ல. 2000ல ஜிக்யூங்கற ஆம்பளைங்க ஃபேஷன் பத்திரிகைக்காக எழுத்து டிசைனர் டோபியாஸ் ஃப்ரீயர் ஜோன்ஸ் வரைஞ்சது, நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் ஸ்டாண்டோட பழைய போர்டு எழுத்துதான் அவருக்கு மாதிரி. 2004ல நியூயார்க் ஃப்ரீடம் டவர் கட்டடத்தோட அடிக்கல்லு, 2008ல ஒபாமா பிரச்சாரம் ரெண்டுலயும் இதேதான். பார்த்ததும் ஒரு நம்பிக்கை வருது, அதுக்காகவே அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

ஆனா வாங்கறதுக்கு முன்னாடி யார் கையில இருக்குன்னு பாருங்க. இத வித்த ஹோஃப்லர் கம்பெனிய 2021ல மோனோடைப்ங்கற பெரிய ஃபான்ட் கம்பெனி வாங்கிடுச்சு, அதே மோனோடைப்தான் 2006ல லினோடைப்ங்கற இன்னொரு ஃபான்ட் கம்பெனிய வாங்கி பிரபலமான ஹெல்வெட்டிகா ஃபான்ட்டையும் வச்சிருக்கு, 2014ல ஃபான்ட் விக்கற ஃபான்ட்ஷாப்பும் அங்கதான் போச்சு, அந்த மோனோடைப்பயே 2019ல எச்ஜிஜிசிங்கற முதலீட்டு நிறுவனம் 82.5 கோடி டாலருக்கு எடுத்துடுச்சு. தனித்தனியா இருந்த பட்டறையெல்லாம் ஒரே கல்லாப்பெட்டிக்குள்ள போனா நாளைக்கு விலையும் லைசென்ஸும் அவங்க வச்சதுதான், ஒரு கடையோட முகமே அந்த எழுத்துன்னு ஆனப்புறம் சட்டுனு மாத்தவும் முடியாது, எனக்கு இது நெஜமாவே கவலையா இருக்கு.

டெஸ்க்டாப்புக்கு ஒரு லைசென்ஸ், வெப்சைட்டுக்கு ஒண்ணு, ஆப்புக்கு ஒண்ணு. பெரிய பிராண்டு தாங்கும். டாக்டருக்கு நாளைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கறவர் யாரோ, லெட்டர்பேட் அடிக்கற பிரஸ் எதுவோ, அவங்க கோதம்லயே புதுசா எழுத்து அடிக்கணும்னா எல்லார்கிட்டயும் லைசென்ஸ் இருக்கணுமே. அதனால அவருக்கு இலவசமா கிடைக்கற மான்ட்செராட்டே போட்டேன், புவனஸ் அயர்ஸ் பழைய போர்டுகளப் பார்த்து ஹூலியெட்டா உலனோவ்ஸ்கி பண்ணது, கோதம் அளவுக்கு இறுக்கம் இல்லதான் ஆனா அந்த தெளிவு இருக்கு. கோதம்ல தமிழ் எழுத்தே கிடையாது, அதனால தமிழ்ப் பேருக்கு எப்படியும் வேற ஃபான்ட்தான், முக்தா மலர் வச்சேன், கோட்டுத் தடிமன் ஓரளவு ஒத்துப்போச்சு, 'ழ'வோட அடிச்சுழி மட்டும் போர்டு விளிம்புல இடிக்காம இருக்க ரெண்டு இஞ்ச் மேல ஏத்த வேண்டியதாப் போச்சு.