சென்சார் கெட்டால் எந்தப் பக்கம் பொய் சொல்லும்? புதுவயல் அரிசி ஆலைகளில் என் அனுபவம்

வெப்பநிலை சென்சார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை டிகிரி தாங்கும், என்ன விலை என்பதுதான். காரைக்குடி, புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் பல வருஷமாக இதையே மாட்டிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு. இது கெட்டுப்போனால் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? கூட்டிக் காட்டினால் உலை அணையும், வேலை நிற்கும், ஆள் வந்து பார்ப்பான். குறைத்துக் காட்டினால் ஆபரேட்டர் "கம்மியாத்தான்ணே காட்டுது" என்று இன்னும் உமியைத் தள்ளிக்கொண்டே இருப்பார். சென்சாரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பக்கத்தில்தான் வருகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உமி உலையை எடுத்துக்கொள்வோம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காற்றோடு பறக்கும்போது உப்புத்தாள் மாதிரி சென்சாரின் மேலுறையைத் தேய்க்கும், சூடு ஏறினால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இங்கே எல்லோரும் போடுவது கே டைப் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, சூட்டுக்கு ஏற்பச் சின்ன மின்னழுத்தம் தரும் சென்சார். மலிவு, எங்கும் கிடைக்கும், டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அதன் நேர் கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. 800 டிகிரிக்கு மேல், ஆக்சிஜன் குறைந்த இடத்தில், ஒல்லியான உறைக்குள் அடைத்து வைத்தால் அந்தக் குரோமியம் மட்டும் தனியாக ஆக்சைடாகிப் போய்விடும். இதைத்தான் கிரீன் ராட் என்பார்கள். கம்பி அறுந்து போகாது, கன்ட்ரோலரில் எந்த எச்சரிக்கையும் வராது, காட்டும் எண் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சந்தேகம் வந்தால் கழற்றி ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் எதிர்க் கம்பியான அலுமெல் மட்டும்தான் காந்தத்தில் ஒட்டும். நேர் கம்பியும் ஒட்டினால் அது முடிந்துபோன தெர்மோகப்பிள்.

'என்' (N) டைப் தெர்மோகப்பிளுக்கு மாறியது நான் பார்த்த ஆலைகளில் நல்ல பலன் தந்தது. நைக்ரோசில், நைசில் என்ற இந்த ஜோடியில் குரோமியமும் சிலிக்கானும் கூடுதல். மேலே உருவாகும் ஆக்சைடு படலமே கம்பியைக் காக்கிறது. விலையும் பிளாட்டினம் அளவுக்குப் போகாது. (பிளாட்டினம்-ரோடியம் எஸ் டைப்பை உமி உலைக்குப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிக்காவும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்த இடத்தில் பிளாட்டினத்தை வைப்பது பணத்தை அடுப்பில் போடுவதுதான், வேண்டாம்.) ஆனால் என் டைப் மாட்டினால் கேபிளும் என் டைப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், கன்ட்ரோலரிலும் மாற்ற வேண்டும். கன்ட்ரோலரை கே டைப்பிலேயே விட்டுவிட்டால் உள்ளே 900 இருக்கும்போது 780 என்று காட்டும். மறுபடியும் குறைத்துக் காட்டுகிற பக்கம்தான்.

உறை விஷயத்தில் எஸ்எஸ் 310 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) எனக்குத் திருப்தி. சுவர் கனமாகக் கேளுங்கள், சாம்பல் நேராக வந்து அடிக்காத இடமாகப் பாருங்கள், முடிந்தால் மேலிருந்து செங்குத்தாக இறக்குங்கள், படுக்கைவாட்டில் நீளமாக நீட்டினால் சூட்டில் தொய்ந்துவிடும். சிலிக்கான் கார்பைடு குழாய் தேய்மானத்துக்கு இன்னும் நன்றாக நிற்கும், ஆனால் சட்டென்று அடி பட்டால் உடையும். எரிகிற உலைக்குள் எந்தப் பீங்கான் வகைக் குழாயையும் ஒரேயடியாக நுழைக்கக் கூடாது, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

இனி கேபிள். செட்டிநாட்டு வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் இதுதான். அக்னி நட்சத்திரத்தில் பாய்லர் பக்கத்து ஹெட்டில் (சென்சாரும் கேபிளும் சேரும் இணைப்புப் பெட்டி) 65 டிகிரி சாதாரணமாக இருக்கும். பேனல் அறை ஏசியில் 30. நடுவில் தெர்மோகப்பிளுக்கு உரிய கேபிளுக்குப் பதிலாக, காசு மிச்சம் என்று சாதா செம்புக் கம்பி இழுத்திருந்தால் அந்த 35 டிகிரி வித்தியாசம் காட்டும் எண்ணில் அப்படியே குறையும். சரியான கேபிளே வாங்கி இரண்டு முனையிலும் தலைகீழாக மாட்டியிருந்தால் அது இரட்டிப்பு, 70 டிகிரி குறையும். அமெரிக்க நிறமுறையில் கே டைப்புக்கு மஞ்சள் நேர், சிவப்பு எதிர். நம் எலக்ட்ரீசியன் பழக்கத்தில் சிவப்பைப் பார்த்தால் கை தானாக பிளஸ்ஸுக்குப் போகும். ஐஇசி என்ற சர்வதேச முறையில் பச்சை நேர், வெள்ளை எதிர். எந்த முறை கேபிள் என்று பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று. கம்பி அறுந்தால் எண் உச்சத்துக்கு ஓடி உலையை நிறுத்தும்படி கன்ட்ரோலரில் வைக்கலாம், கட்டாயம் வைக்க வேண்டும். ஆனால் கேபிள் சூடான பைப்பில் உரசி, இன்சுலேஷன் உருகி, இரண்டு கம்பியும் அங்கேயே தொட்டுக்கொண்டால் அந்த ஏற்பாட்டால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் சுற்று அறுபடவில்லை. தொட்ட இடத்தின் வெப்பநிலையைத்தான் கன்ட்ரோலர் உலையின் வெப்பநிலை என்று நம்பிக்கொண்டிருக்கும். அதனால் உச்ச வரம்பைத் தாண்டினால் நிறுத்தும் கட்-ஆஃபுக்குத் தனி சென்சார், தனி கேபிள், தனி ரிலே. ஒரே சென்சாரிலிருந்து இரண்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களோடு நான் எப்போதும் வாதாடுவேன்.

நெல் ஊறும் தொட்டிக்கும் டிரையருக்கும் பிடி100 தான், அதாவது சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார். ஊறல் தண்ணீர் 70 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும்; அதிகம் ஏறினால் மாவு வெந்து உமி வெடிக்கும், இறங்கினால் ஊற நேரம் இழுக்கும். இங்கே இரண்டு கம்பி இணைப்பு போடவே கூடாது. பிடி100இல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாற்றம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 30 மீட்டர் போய் வந்தால் அதுவே இரண்டு ஓமுக்கு மேல், அதாவது ஐந்தரை டிகிரி கூடுதலாகக் காட்டும். 70 என்று காட்டும்போது தண்ணீர் 65ஐக்கூட எட்டியிருக்காது. மூன்று கம்பி போட்டால் தீரும், மூன்று முனையும் துருப்பிடிக்காமல் இருக்கும்வரை. ஹெட்டுக்குள் ஆவி இறங்கினால் கதை மாறும், ஈரம் இன்சுலேஷன் வழியே கசிந்து எண்ணைக் கீழே இழுக்கும். கேபிள் ஹெட்டுக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டை இறுக்கி, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். பிடி100ஐக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு 100 வோல்ட்டில் உறைக்கும் கம்பிக்கும் இடையே பார்த்தால், காய்ந்த நல்ல சென்சார் 100 மெகாஓமுக்கு மேல் காட்டும்.

தொட்டியின் உறைக்கு எஸ்எஸ் 304 வேண்டாம், 316 வாங்குங்கள். உப்பேறிய போர்த் தண்ணீரைச் சூடாக்கினால் குளோரைடு 304இல் ஊசி ஊசியாக ஓட்டை போடும். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊரில் அரிமானம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளா இல்லை, இருந்தும் இதை இன்னும் பலர் கவனிப்பதில்லை. உறை திரவத்துக்குள் அதன் விட்டத்தைப் போல பத்து மடங்காவது மூழ்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு உறை வழியாக வெளியே ஓடி, மறுபடி குறைத்துக் காட்டும்.

டிரையரில் சிக்கல் வேறு. ஆவிக் காயிலுக்கு எதிரே சென்சாரை வைத்தால் காயிலின் கதிர்வீச்சு நேராக அதன் மேல் படும், காற்றைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்றாடியைத் தாண்டி, காற்று நன்றாகக் கலந்த இடத்தில் வையுங்கள், அப்படி இடம் இல்லையென்றால் ஒரு தகட்டு மறைப்பு கொடுங்கள். புழுங்கல் நெல்லை முதல் கட்டத்தில் 100 முதல் 120 டிகிரிக் காற்றில் காய வைக்கலாம், ஈரம் 16–18 சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்தி ஆறப் போட வேண்டும். அதற்கு மேலும் அதே சூட்டில் ஓட்டினால் அரிசி விண்டு குருணை கூடும்.

வேகமாக ஓடும் ஆவிக் குழாயில் தெர்மோவெல் (சென்சாரைக் காக்கும் உறைக்குழல்) ஒல்லியாக, நீளமாக இருந்தால் சுழல்கள் அதை அதிரவைத்து ஒடிக்கும். 1995 டிசம்பரில் ஜப்பானின் மோன்ஜு அணு உலையில் சோடியம் கசிந்தது இப்படி ஒரு தெர்மோவெல் ஒடிந்ததால்தான். குட்டையான, நுனி சிறுத்த வகை கேளுங்கள், குழாயில் ஆவியின் வேகத்தையும் விற்பவரிடம் சொல்லி அதற்கு இது தாங்குமா என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிபார்க்க லேப் வரை போக முடியாதவர்கள் பொடித்த ஐஸில் நல்ல தண்ணீர் கலந்து பிடி100ஐ வைத்தால் 0 காட்ட வேண்டும், மீட்டரில் 100 ஓம். கொதிநீரில் காரைக்குடி உயரத்துக்குச் சுமார் 99.7 டிகிரி, 138.4 ஓமை ஒட்டி. பி வகுப்பு பிடி100க்கு 100 டிகிரியில் 0.8 டிகிரி வரை விலகல் அனுமதி உண்டு, ஏ வகுப்பில் 0.35. நெல் ஊறப் போட பி வகுப்பே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்டும் கிளாண்டும் வாங்குங்கள்.