எட்டு கியரும் உள்ளே: ஹப் கியர் டூரிங் சைக்கிளோடு சில வருடங்கள்

பின்சக்கரத்தின் நடு உருளைக்குள், அதாவது ஹப்புக்குள், கியர் எல்லாம் அடங்கிய ஹப் கியர் டூரிங் சைக்கிள் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், எவ்வளவு தூரம் போவீர்கள், மேடு உண்டா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. பின்சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டுவீர்களா என்றுதான் கேட்பேன். மூட்டை முடிச்சோடு சில வருடங்கள் இதில் சுற்றிய பிறகு என் கணக்கு இது: அன்றாட ஓட்டத்தில் இவ்வளவு நிம்மதியான வண்டி கிடையாது. தொல்லை கொடுப்பது அபூர்வம், ஆனால் கொடுக்கும்போது மொத்தமாகக் கொடுக்கும்.

என்னுடையது ஸ்டீல் ஃபிரேம், 700×38 டயர், டிஸ்க் பிரேக், 8 கியர் ஹப். பல்சக்கரங்களில் முன்னால் 38 பல், பின்னால் 20. வாங்கும்போது பின்னால் 18 பல்தான் இருந்தது. பாரத்தோடு மேடு ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றிவிட்டேன். இன்னும் பெரிதாகப் போட்டால் ஏறுவது இன்னும் சுலபம்தான். ஆனால் பின்பல் பெரிதாகப் பெரிதாக ஹப்புக்குள் போகும் முறுக்குவிசையும் கூடும், உள்ளே இருக்கும் சின்னப் பற்கள்தான் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் முன்பல், பின்பல் விகிதம் ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எல்லை வைக்கிறார்கள். இப்போது முதல் கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சுமார் 2.2 மீட்டர் நகரும், எட்டாவதில் 6.7 மீட்டர்.

வீச்சு, அதாவது கடைசி கியர் முதல் கியரைப் போல எத்தனை மடங்கு என்பது, போதுமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கவலை. 8 கியர் ஹப்பில் அது 307 சதவீதம், ஷிமானோ அல்ஃபைன் 11-ல் 409, ரோலாஃப் 14 கியரில் 526. எனக்கு 307 பெரும்பாலும் போதுகிறது. உறுத்துவது வேறு ஒன்று, கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஐந்தாவது கியர் நேரடி இணைப்பு, அதாவது பல்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஹப்பும் ஒரு சுற்று. ஆறாவதுக்கு மாறினால் ஒரேயடியாக 22 சதவீதம் தூக்குகிறது. எதிர்க்காற்றில் மணிக்கு 22 கி.மீ. போக நினைத்தால் ஐந்தாவதில் நிமிடத்துக்கு 88 சுற்று மிதிக்க வேண்டும், ஆறாவதில் 72. ஒன்றில் கால் பறக்கிறது, இன்னொன்றில் தொடை கனக்கிறது. எனக்குப் பிடித்த 80 இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது! ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலும் இதே இடைவெளிதான், ஆனால் மேட்டில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. ரோலாஃபில் எல்லாப் படிகளும் ஒரே அளவு, 13.6 சதவீதம். சமவெளியில் காற்றோடு மல்லுக்கட்டும் ஆள் விலையைப் பார்க்கும் முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி ஓட்டுவது சுகம். சிக்னலில் நின்றபடியே ஆறிலிருந்து இரண்டுக்கு இறக்கிவிட்டு, பச்சை விழுந்ததும் அலுங்காமல் கிளம்பலாம். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு இது சின்ன விஷயமே இல்லை. மேட்டில் மட்டும் கியரை இறக்க ஒரு நொடி காலைத் தளர்த்த வேண்டும், அது சீக்கிரம் பழகிவிடும். செயின் எப்போதும் ஒரே நேர்கோட்டில் ஓடுவதால் தேய்மானம் மெதுவாகத்தான் வருகிறது. ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றும்போது வளைந்து தொலைக்க, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் டீரெய்லர் என்று எதுவும் வெளியே தொங்குவதில்லை. ஒரு பக்கம் கேசெட்டுக்கு, அதாவது பல்சக்கர அடுக்குக்கு, இடம் விட வேண்டியதில்லை என்பதால் இரண்டு பக்க ஸ்போக்ஸின் இழுவிசையும் கிட்டத்தட்ட சமமாக அமைகிறது. பின்பக்கம் இத்தனை பாரம் வைத்தும் சக்கரம் கோணவில்லை.

சரி, பஞ்சர். முதலில் கியரை ஒன்றில் வைத்துக் கேபிளைத் தளர்த்த வேண்டும். அப்புறம் கேபிள் உறையை அதன் பிடியிலிருந்து உருவி, கேபிள் நுனியில் இருக்கும் சின்ன போல்ட்டை ஹப்பின் பள்ளத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். 15 மி.மீ. ஸ்பேனரால் இரண்டு பக்க நட்டையும் கழற்றினால், ஆக்ஸில் சுழலாமல் பிடிக்கும் வாஷர்கள் கையோடு வரும். இடதும் வலதும் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது. திரும்ப மாட்டும்போது செயினை ஒரு சென்டிமீட்டர் அளவு மேலும் கீழும் ஆடுகிற மாதிரி வைத்து நட்டை இறுக்க வேண்டும். கடைசியாகக் கியரை நான்கில் வைத்துப் பார்த்தால், ஹப்பின் ஓரத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிள் திருகைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். மழையில், இருட்டில், சாலையோரத்தில் இதைச் செய்வதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் முடிந்தவரை நான் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. சைக்கிளை இடது பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, டயரின் அந்த ஓரத்தை மட்டும் நெம்பி, டியூபில் ஓட்டை இருக்கும் பகுதியை வெளியே இழுத்துப் பேட்ச் ஒட்டிவிட்டு உள்ளே தள்ளிவிடுவேன். முள்ளைக் கண்ணால் பார்த்துவிட்டால் கால் மணி நேர வேலை. வால்வு கிழிந்தால்தான் ஸ்பேனருக்கு வேலை வரும்.

எண்ணெய் மாற்றுவது பலர் பயப்படுமளவுக்குக் கஷ்டமில்லை. இடது பக்க லாக் நட்டையும், பேரிங்கைப் பிடிக்கும் கோனையும் கழற்றினால் முழு இயந்திரமும் வலது பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதை அப்படியே அதற்கான எண்ணெயில் முக்கி, வடியவிட்டு, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்துத் திரும்ப நுழைக்க வேண்டும். தொடர் மழையில் ஓடிய பிறகு ஒருமுறை திறந்தபோது கிரீஸ் சாம்பல் நிறத்தில் குழைந்து கிடந்தது, தண்ணீர் புகுந்ததன் அடையாளம். அதன்பிறகு ஆக்ஸில் முழுகும் ஆழத்தில் தண்ணீர் ஓடினால் இறங்கித் தூக்கிக்கொண்டு போகிறேன்.

சக்தி வீணாகிறதா என்றால், கொஞ்சம் வீணாகத்தான் செய்கிறது. சைக்கிள் ஆய்வாளர்கள் செஸ்டர் கைலும் ஃபிராங்க் பெர்ட்டோவும் 2001-ல் வெளியிட்ட சோதனைகளில் ஹப் கியர்கள் டீரெய்லரைவிட ஏறத்தாழ 2 சதவீதம் பின்தங்கின. ஆனால் அது சுத்தமான டீரெய்லரோடு ஒப்பிட்டது. மூன்று நாள் புழுதியில் ஓடிய டீரெய்லர் செயினோடு யாராவது ஒப்பிட்டால் நன்றாக இருக்கும்.

நீண்ட பயணத்துக்கு இந்த ஹப்போடு கிளம்புகிறவர்கள் 15 மி.மீ. ஸ்பேனரோடு ஒரு மாற்றுக் கேபிளும் வைத்துக்கொள்ளுங்கள். நுனி போல்ட்டைச் சரியான நீளத்தில் வீட்டிலேயே பூட்டிவிட்டு, சுருட்டிப் பையில் போடுங்கள். பழைய கேபிள் அறுந்தால் என் ஹப் முதல் கியருக்குப் போய் நிற்கும், நன்றாக மிதித்தாலும் மணிக்குப் பத்து கி.மீ.தான். மேடு ஏறிவிடலாம், அடுத்த ஊர் மட்டும் வரவே வராது.