48 கிலோவாட் 30 ஆனபோது

மூன்றாண்டுகளாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். போன வாரம் ஒருநாள் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் சார்ஜ் இருந்தது. செத்துக் கிடந்தது பழைய காலத்து 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. அது உயிரோடு இருந்தால்தான் பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சே மூடும். கிணறு நிறையத் தண்ணீர், இறைக்க வாளி இல்லை. சின்ன பேட்டரியை மாற்றி வண்டியை எடுத்துவந்த அன்றே நண்பர் ஒருவர் கேட்டார்: "தினமும் வேலைக்குப் போய்வர, நெடுந்தூரம் போக, இரண்டுக்கும் இது ஒன்றே போதுமா?"

வேலைக்குப் போய்வர இதைவிட நல்ல வண்டியை நான் ஓட்டியதில்லை. இரவில் வீட்டில் செருகினால் 7 கிலோவாட் சார்ஜரில் விடிவதற்குள் நிறைந்துவிடுகிறது. நெரிசலில் ஊரும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து பாதத்தைச் சற்றே தளர்த்தினால் போதும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக்கை மறந்தே போனேன். தட்டில் துரு படிகிறது, அவ்வப்போது நன்றாக அழுத்தி நிறுத்துங்கள் என்று மெக்கானிக் சொன்னார். வேலை இல்லாமல் கெட்டுப்போகும் பிரேக்கை இப்போதுதான் பார்க்கிறேன். (வீட்டில் செருக இடமில்லாதவர்கள் இந்தப் பத்தியை அடித்துவிடலாம்.)

நெடுஞ்சாலை வேறு கதை. வேகமாகப் போனால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறைகிறதே என்று புலம்ப மாட்டேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரில் இருப்பது 110-இல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். நிதானமாக ஓட்டிச் சமாளிக்கலாம். என் கோபமெல்லாம் சார்ஜிங் நிலையத்தில், அதிலும் ஒரே ஒரு விஷயத்தின் மேல்.

சார்ஜர் பெட்டியில் 60 கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். காரில் செருக இரண்டு கன். தனியாகப் போய்ச் செருகினால் திரையில் 48 ஓடும். என் 50 கிலோவாட் மணி பேட்டரி 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற முக்கால் மணி நேரம் போதும். மனம் குளிரும். அப்போதுதான் இன்னொரு கார் வந்து நிற்கும். அவர் கன்னை மாட்டுவார். காரும் பெட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். என் திரையில் 48 போய் 30 நிற்கும்.

கடந்த பயணத்தில் அப்படி வந்தவர் 86 சதவீதத்தில் செருகினார். 80-ஐத் தாண்டினால் பேட்டரியே மின்சாரத்தைக் குறைத்துத்தான் வாங்கும். அவருடைய கார் 20 கிலோவாட்டைக்கூட இழுக்கவில்லை. பெட்டியோ பாதியை அவருக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டது. அவருக்கும் பயனில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. "நூறு ஆனதும் எடுத்துவிடுகிறேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நடை பழகப் போய்விட்டார். நல்ல மனிதர். தப்பு அவர்மேல் இல்லை, பெட்டியை அப்படி வடிவமைத்தவர்மேல்தான். ஆனாலும் இதை எழுதும்போதும் அந்த நல்ல மனிதர்மேல்தான் கோபம் வருகிறது.

எல்லாப் பெட்டிகளும் இப்படியில்லை. தேவைக்கேற்ப அளந்து கொடுப்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது, அவ்வளவுதான். அன்று 28 நிமிட வேலை 45 நிமிடம் இழுத்தது. 17 நிமிடம்தானே என்பீர்கள். பின் இருக்கையில் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள்.

இத்தனைக்கும் மூன்றாண்டில் ஒருமுறைகூட இந்தக் கார் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. நண்பரிடம் யோசிக்காமல் வாங்கச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. பெட்ரோல் காரை விற்பதற்கு முன்னால் இரண்டு நாள் எனக்குத் தர முடியுமா என்றும் அவரிடம் கேட்டிருக்கிறேன்.