ஐந்து இலக்கம், ஆறு கட்டம்: அக்ரீட் வேல்யூ பாலிசியோடு ஏழு வருடம்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். "உங்க பழைய பீட்டில் காருக்கு அக்ரீட் வேல்யூ பாலிசி போட்டிருக்கீங்களே, எப்படி இருக்கு? நானும் என் வண்டிக்குப் போடலாம்னு பார்க்கறேன்" என்றார். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டு எழுதும் காப்பீடு அது. அவர் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது ஷெட்டில், வண்டிக்குள் குறுகி உட்கார்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் புதுப்பித்தலுக்கு மட்டும் அது நான்காவது படம். "போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது நியாயமான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அதனால்தான் கொஞ்சம் ஆறியபிறகு இதை எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை.

வண்டி 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். பாலிசிக்கு இது ஏழாவது வருடம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் திட்டப்போகும் விஷயத்தில் மற்ற நிறுவனங்கள் பெரிய யோக்கியர்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

முதலில் ஓடோமீட்டர். பீட்டிலின் ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னலில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகப் புரண்டு 00000 ஆகிவிடும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். இந்த மாதிரி பாலிசிகளில் வருடத்துக்கு இவ்வளவு தூரம்தான் ஓட்டலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். பிரீமியம் குறைவாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம், அதில் எனக்குப் புகார் இல்லை. வரம்பைச் சரிபார்க்க வருடாவருடம் ஓடோமீட்டர் படம் கேட்கிறார்கள். அதிலும் புகார் இல்லை.

மூன்றாவது வருடம் என் வண்டி புரண்டது. அந்த நொடியைப் பார்ப்பதற்காகவே வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனோம். ஐந்து ஒன்பதும் ஒரே நேரத்தில் நகர ஆரம்பித்து, பாதியில் ஒரு கணம் தயங்கி, அப்புறம் சுழியங்களாக உட்கார்ந்தன. கடைசிச் சக்கரம் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது, இப்போதும் அப்படித்தான் நிற்கிறது. வண்டிக்குள் ஒரே கைதட்டல். அடுத்த புதுப்பித்தலில் வந்த மின்னஞ்சல்: "தாங்கள் அளித்த ஓடோமீட்டர் அளவு முந்தைய அளவைவிடக் குறைவாக உள்ளது. விளக்கம் தரவும்."

தந்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் மறுபடி அதே மின்னஞ்சல், வார்த்தை மாறாமல். ஒரு வருடக் குழப்பத்தோடு தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் கணினியில் இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ அதோடுதான் ஒப்பிடுவார்கள் போலிருக்கிறது. அந்த 99 ஆயிரத்துச் சொச்சம் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் ஒருவர் யோசனை சொன்னார்: "படிவத்தில் ஆறு கட்டம் இருக்கு சார், முன்னாடி ஒரு 1 போட்டுடுங்க." போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: படிவத்தில் ஆறு இலக்கம், படத்தில் ஐந்து இலக்கம், பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது. படம் மங்கலாக இருப்பதாகவும் ஒரு வரி. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, மங்கலாகத்தான் இருக்கும்.

சரி, இதை இங்கே நிறுத்துகிறேன். நண்பர் கேட்டது இதை அல்ல.

அவருக்கு ஏற்கெனவே ஒரு நிறுவனத்திடமிருந்து மதிப்பீடு வந்திருக்கிறது. அதை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதில் எழுதியிருந்தது அக்ரீட் வேல்யூ இல்லை, ஸ்டேட்டட் வேல்யூ. இரண்டும் ஒன்று என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அக்ரீட் என்றால், பாலிசி எழுதும்போதே வண்டிக்கு இவ்வளவு என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட தொகை. வண்டி முழுசாகப் போய்விட்டால், திருட்டோ தீயோ, அந்தத் தொகை வரும், நம் பங்காகக் கழிக்கும் எக்செஸ் போக. தேய்மானம் என்ற பேச்சே கிடையாது. ஸ்டேட்டட் என்றால், நீங்கள் ஒரு தொகையைச் சொல்கிறீர்கள், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பாலிசிகளில் அதற்குக் கீழே பெரும்பாலும் ஒரு வாக்கியம் இருக்கும்: சொன்ன தொகை, அன்றைய சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அது. பிரீமியத்தைப் பெரிய தொகைக்குக் கட்டிவிட்டு இழப்பீட்டைச் சின்னத் தொகைக்கு வாங்கிக்கொள்வது. தலைப்பை விட்டுவிட்டு அந்த "எது குறைவோ" வரியைத் தேடுங்கள் என்று சொன்னேன். தேடினார், இருந்தது.

மதிப்பை முன்பே ஒத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு காருக்காகப் பிறந்ததில்லை. கப்பலுக்கும் சரக்குக்கும் எழுதப்பட்ட பாலிசிகளில் இருந்து வந்தது. பிரிட்டனின் 1906ஆம் வருடக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மோசடி இல்லாதவரை பாலிசியில் ஒத்துக்கொண்ட மதிப்பே இறுதி என்கிறது. நடுக்கடலில் மூழ்கிய கப்பலுக்கு அன்றைய சந்தை விலை என்ன என்று யார் போய்ப் பார்ப்பது? பழைய காரும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். சாதாரண பாலிசியின் தேய்மான அட்டவணையைக் கேட்டால், என் வண்டி இரும்புக்கடைக்குப் போகவேண்டிய ஒன்று.

அந்தத் தொகையை ஒத்துக்கொள்ள வைத்த நாள்தான் இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல அனுபவம், அன்று நான் கொதித்துப் போயிருந்தாலும்கூட. மதிப்பீட்டாளர் என்று ஒரு பெரியவர் வந்தார். என் பெயின்ட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார், அதை மெல்லிய துணியில் சுற்றினார், வண்டியின் கீழ்ப்பக்கமெல்லாம் வைத்து வைத்து எடுத்தார். கதவில் ஒட்டியது. மட்கார்டில் ஒட்டியது. பின் சக்கரத்துக்கு முன்னால், கீழ் மூலையில் வைத்தபோது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கையிலேயே விழுந்தது. "இங்கே இரும்பு இல்லைங்க, பூசி நிரப்பின பட்டிதான்" என்றார். எனக்கு விற்றவர் எனக்குச் சொல்லாத விஷயம். அப்புறம் பின் சீட்டைத் தூக்கினார். பீட்டிலில் பேட்டரி அங்கேதான் இருக்கும், அதனால் அதற்குக் கீழே இருக்கும் தகடுதான் முதலில் துருப்பிடிக்கும். என் வண்டியில் தகடு தப்பித்திருந்தது. ஆனால் அவர் பார்த்தது அதை இல்லை. "மூடி எங்கே?" என்றார்.

பேட்டரிக்கு ஒரு மூடி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. சீட்டுக்கு அடியில் இருப்பது இரும்பு ஸ்பிரிங். கனமான ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கீழே இறங்கும். பேட்டரி முனைகளில் தொட்டால் ஷார்ட் ஆகும், சீட்டுக்குள் இருக்கும் நார்த் திணிப்பு பற்றிக்கொள்ளும். பீட்டில்காரர்களுக்குப் பழகிப்போன கதையாம். இரண்டு வருடமாக என் மகள்களை அதன்மேல்தான் உட்கார வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் எடை குறைவு என்பதால் தப்பித்தோம்.

நான் கேட்ட தொகையில் கால் பங்கைக் குறைத்து எழுதிவிட்டுப் போனார். அன்று இரவு அவரைத் திட்டாத வார்த்தை இல்லை. மறுநாள் மூடி வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அந்த மூலையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த வருடம் நான் முதலில் கேட்ட தொகைக்கே ஏற்றிக் கொடுத்தார்கள். வாக்குவாதம் எதுவும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏற்றிக் கேட்கவேண்டியது நம் வேலை. ஒத்துக்கொண்ட தொகை எழுதிய இடத்திலேயே நிற்கும். சில பாலிசிகளில் வருடத்துக்குக் கொஞ்சம் தானாக ஏறும் என்கிறார்கள், என்னுடையதில் கிடையாது. நடுவில் இரண்டு வருடம் நான் மறந்துவிட்டேன். பழைய பீட்டில்கள் கைமாறும் விலை ஏறிக்கொண்டிருந்தது, என் தொகை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வண்டி எரிந்திருந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கியிருக்க முடியாது. ஷெட்டில் வைத்திருக்கும் உதிரி கார்புரேட்டர், கதவு இதெல்லாமும் தனியாகப் பட்டியல் கொடுத்தால்தான் கணக்கில் வரும்.

ஐந்தாம் வருடம் அடி விழுந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டியை, பின்னால் எடுத்த ஒரு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது பின் மட்கார்டு உள்ளே போய் டயரில் உரசியது, லைட் கண்ணாடி நொறுங்கியது, எஞ்சின் மூடியின் ஓரம் மடங்கியது. சர்வேயர் போட்ட செலவுக் கணக்கைப் பார்த்தேன். முன்பு நான் வைத்திருந்த சாதாரண பாலிசியில் வண்டிக்குப் போட்டிருந்த மதிப்பில் பாதியைத் தாண்டிவிட்டது. அந்தப் பாலிசியே தொடர்ந்திருந்தால் "சரிசெய்வது கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ்" என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கியிருப்பார்கள். இப்போதைய தொகையோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. மட்கார்டு நசுங்கியதற்காக ஒரு நல்ல வண்டியைக் கழித்துக் கட்டாமல் காப்பாற்றியது அந்தத் தொகைதான். பாலிசி விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆனால் பழுதுபார்ப்பு எப்படி நடக்கும் என்பதில் அந்தத் தொகைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பீட்டிலின் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கழற்றி மாட்டலாம், நடுவே பீடிங் என்ற ஒரு மெல்லிய பட்டை வரும். அவர்கள் ஒத்துக்கொண்டது இப்போது சந்தையில் கிடைக்கும் நகல் மட்கார்டு. ஒர்க்‌ஷாப்பில் அதை மாட்டிப் பார்த்தோம். தகடு மெலிசு, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. போல்ட் துளைகள் மேலே சரியாக வந்தால் கீழே வரவில்லை, பீடிங் ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் காணாமல் போனது. டிங்கரிங் பார்ப்பவர் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார்.

அலைந்து திரிந்து, உடைத்துப் பிரித்த ஒரு வண்டியின் அசல் மட்கார்டைப் பிடித்தேன். உள்பக்கம் ஃபோக்ஸ்வேகன் முத்திரை அப்படியே இருந்தது. விலையும் நகலைவிடக் குறைவு. நிறுவனம் மறுத்தது, பழைய பாகத்துக்குப் பணம் தரமாட்டார்களாம், புதியதுதான் விதி. குறைந்த காசில் நல்ல பொருள் வேண்டாம், கூடுதல் காசில் மட்டமான பொருள்தான் வேண்டும் என்று ஒரு நிறுவனம் என்னோடு ஐந்து வாரம் சண்டை போட்டது. கடைசியில் கோப்பு ஒரு பெண் அதிகாரியின் கைக்குப் போனது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அசல் பாகம் போட்டா வண்டியோட மதிப்பு குறையாதுல்ல சார்?" ஏறும் என்றேன். மறுநாள் அனுமதி வந்தது. என் வண்டியை வண்டியாகப் பார்த்தவர்கள் இந்த ஏழு வருடத்தில் அந்தப் பெரியவரும் இவரும் மட்டும்தான்.

நண்பருக்கு மறுபடி போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நல்ல பாலிசின்னுதானே சொல்றீங்க?" என்றார். இல்லை என்றேன். உங்கள் வண்டியை வாரத்துக்கு மூன்று நாள் எடுப்பீர்கள், அந்தத் தூர வரம்பு உங்களுக்குத் தாங்காது, தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்பார்கள், ராத்திரி பூட்டிய ஷெட்டில் நிறுத்தச் சொல்வார்கள், ஒவ்வொரு வருடமும் உங்களைப் பொய்யன் போல நடத்துவார்கள் என்றேன். "நீங்க வேற எங்கயாவது மாறப்போறீங்களா?" என்றார்.

முந்தின நாள்தான் பணம் கட்டியிருந்தேன். தொகையைக்கூடக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டு, கொடுத்துவிட்டார்கள்.

இன்று காலை மின்னஞ்சல் பார்த்தேன். பாலிசி புதுப்பிக்கப்பட்டது, நன்றி. அதற்குக் கீழே இன்னொன்று: ஓடோமீட்டர் அளவு தொடர்பாக விளக்கம் தேவைப்படுகிறது. போன வருட விளக்கத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்க வேண்டும்.