எட்டு லட்சம் ரூபாய்: காருக்கா, சைக்கிளுக்கா?

சைக்கிள் ஓட்டுவதில் தீவிர ஈடுபாடு கொண்ட, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் வாகனச் செலவுக்கென்று எட்டு லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பத்து வயதான சிறிய பெட்ரோல் கார் ஒன்று ஓடும் நிலையில் நிற்கிறது, சைக்கிளும் பழையதாகிவிட்டது. அவருக்கு முன்னால் உள்ள வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். புதுக் காரை வாங்கிவிட்டு மீதமிருப்பதில் ஒரு சைக்கிளை வாங்கலாம். பழைய காரையே செப்பனிட்டு வைத்துக்கொண்டு சைக்கிளுக்குத் தாராளமாகச் செலவிடலாம். காரை விற்றுவிட்டு, வேண்டியபோது வாடகை வண்டியை அழைத்துக்கொள்ளலாம். இவற்றை ஒப்பிடுபவர்கள் விலைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். கார் ஓடாமல் நின்றாலும் செலவு வைக்கும். சைக்கிளின் செலவோ பெரும்பாலும் அது ஓடிய தூரத்தைப் பொறுத்தது. விலையைவிட இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் புதுக் காரை எடுத்துக்கொள்வோம். ஷோரூம் விலை ஆறு லட்சம் ரூபாய் உள்ள ஒரு சிறிய காருக்கு, தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வாழ்நாள் வரி விகிதத்தின்படி 13 சதவீதம், அதாவது 78,000 ரூபாய் வரி செலுத்த வேண்டும். ஐந்து லட்சத்துக்குள் என்றால் 12 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம், இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்று அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு வரியாக மட்டும் கட்டும் தொகையில், பத்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய நல்ல அலுமினிய ரோடு சைக்கிள் ஒன்றை ஹெல்மெட், விளக்கு, காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றோடு சேர்த்தே வாங்கிவிடலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

வரியோடு இது முடிவதில்லை. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்குவோர் மூன்றாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகவே எடுத்தாக வேண்டும்; 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு அது 6,521 ரூபாய், ஆயிரம் முதல் 1,500 சிசி வரை 10,640 ரூபாய். சொந்தச் சேதக் காப்பீடும் பதிவுச் செலவும் இவற்றுக்கு மேல். எல்லாம் சேர்த்தால் கார் தெருவில் இறங்கும்போது ஏழு லட்சம் தாண்டியிருக்கும். சைக்கிளுக்கு மிஞ்சுவது எண்பதாயிரம் ரூபாயையொட்டிய தொகைதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு தேய்மானம். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணைப்படி, ஓராண்டு முடிவதற்குள்ளேயே 15 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்து ஆண்டு வயதுள்ள காருக்கு 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. நன்றாகப் பராமரித்த பெட்ரோல் காருக்குச் சந்தையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. ஆயினும் அட்டவணையையே அளவாகக் கொண்டால், ஆறு லட்ச ரூபாய்க் கார் ஐந்து ஆண்டுகளில் மூன்று லட்சத்தை இழக்கிறது. மாதத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், காப்பீட்டுப் புதுப்பிப்பு எதையும் சேர்க்காத கணக்கு இது. கார் ஞாயிறுதோறும் ஓடினாலும், வாரம் முழுதும் உறை போர்த்தி நின்றாலும், இந்த ஐந்தாயிரத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

பத்து வயதான காருக்கு இந்தச் சுமை ஏற்கெனவே இறங்கிவிட்டது. அதன் மதிப்பு இனி ஆண்டுக்குச் சில ஆயிரங்களே குறையும். ஆயிரம் சிசிக்கு உட்பட்டதானால் மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய்தான். கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரசர், பேட்டரி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் என்பது உண்மையே. ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் அதற்கென்று ஒதுக்கினாலும், புதுக் காரின் தேய்மானத்தில் பாதிதான் ஆகிறது. இங்கே சைக்கிள்காரருக்குத் தனிச் சலுகையும் ஒன்று உண்டு. அலுவலகத்துக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவரின் கார் ஆண்டுக்கு மூவாயிரம், நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. குறைவாக ஓடும் கார் புதிதாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். தாராளமாகச் செலவிடலாம் என்று சொல்வது எளிது. எதுவரை என்பதுதான் கேள்வி. ஷிமானோ நிறுவனத்தின் ரோடு சைக்கிளுக்கான கியர், பிரேக் பாகங்களின் வரிசைகள் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா-ஏஸ் என்று படிப்படியாக ஏறுகின்றன. கிளாரிஸ் பொருத்திய அலுமினிய சைக்கிள் ஐம்பதாயிரம் ரூபாயையொட்டிக் கிடைக்கிறது. 105 வரிசைப் பாகங்களும் டிஸ்க் பிரேக்கும் உள்ள அலுமினிய சைக்கிள் ஒரு லட்சத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இடையில் அமையும். கார்பன் ஃபிரேம் என்றால் இரண்டு லட்சத்திலிருந்து தொடங்கி, மின்னணு முறையில் கியர் மாறும் வகைகள் மூன்று, நான்கு லட்சம் என்று போய், பந்தய வீரர்கள் ஓட்டும் உச்ச வகைகள் பத்து லட்சத்தையும் கடந்துவிடுகின்றன. ஐம்பதாயிரத்திலிருந்து ஒன்றேகால் லட்சத்துக்குப் போகும்போது கிடைக்கும் பலனை யாராலும் உணர முடியும்: பிரேக் உறுதியாகப் பிடிக்கிறது, கியர் தயக்கமின்றி மாறுகிறது, சக்கரம் இலகுவாகச் சுழல்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும் காற்றைக் கிழிக்கும் வடிவத்துக்குமே போகிறது.

எடைக் குறைப்பின் மதிப்பு என்ன என்பதைக் கொல்லிமலைப் பாதையை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த ஏற்றத்தை, 75 கிலோ எடையுள்ள ஒருவர் பத்தரைக் கிலோ அலுமினிய சைக்கிளில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிறார் என்று கொள்வோம். ஏற்றத்தில் மொத்த எடையே முக்கியம். அது எண்பத்தைந்தரைக் கிலோ. ஏழரைக் கிலோ கார்பன் சைக்கிளுக்கு அவர் மாறினால் குறையும் மூன்று கிலோ, மொத்தத்தில் மூன்றரைச் சதவீதம். அதே உழைப்புக்கு மிச்சமாவது மூன்று நிமிடத்தையொட்டிய நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமதளத்தில் அந்த அளவு பலன்கூடக் கிடையாது. அங்கே எதிர்த்து நிற்பது காற்று. அமரும் நிலையைச் சரிசெய்வதும், தரமான டயர்களைப் போடுவதும் அதற்குப் போதுமான பதிலாக அமையும், அதுவும் சில ஆயிரம் ரூபாயில். மூன்று நிமிடத்துக்காக இரண்டு லட்சம் கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மகிழ்ச்சி வேண்டுமென்றே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கட்டும். அதைத் தேவை என்று வீட்டில் வாதாடுவதைத்தான் ஏற்க முடிவதில்லை.

நெடுந்தூர ஓட்டத்துக்கு விலையுயர்ந்த சைக்கிள் வேண்டும் என்ற வாதமும் நிற்பதில்லை. ஆடாக்ஸ் முறையில், அதாவது குறித்த நேரத்துக்குள் தூரத்தை முடித்தால் போதும் என்ற முறையில், நடக்கும் 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பதின்மூன்றரை மணி நேரமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் அவகாசம் தரப்படுகின்றன. அங்கே வெல்வது வேகமல்ல. பஞ்சர் ஆகாத டயரும், வலிக்காத இருக்கையும், விடியும்வரை எரியும் விளக்குமே. நள்ளிரவில் ஏதோ ஒரு சிற்றூரில் பாகம் உடைந்தால், அவ்வூர் சைக்கிள் கடைக்காரர் கையில் இருக்கும் சாமானால் சரிசெய்யக்கூடிய எளிய சைக்கிளே அங்கு மேலானது.

சைக்கிள் ஓட்டினால் பணம் மிச்சமாகும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த வாகனத்தை வீட்டில் நிறுத்திவிட்டு சைக்கிளை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. தினமும் இருபது கிலோமீட்டர் வீதம் 250 வேலை நாட்களில் 5,000 கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயையொட்டி விற்கும் நிலையில், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டருக்கு இதனால் மிச்சமாவது பத்தாயிரம் ரூபாய். அதே 5,000 கிலோமீட்டரில் ஒரு ரோடு சைக்கிள் செயினையும் டயர்களையும் பிரேக் கட்டைகளையும் தேய்த்துவிடும். சர்வீஸையும் சேர்த்தால், நடுத்தர சைக்கிளுக்கே அந்தப் பத்தாயிரம் ஏறத்தாழ வந்த வழியே போய்விடும். மாறாக, நகர நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தரும் காரை நிறுத்தினால் மிச்சம் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. நம் ஊர்களில் சைக்கிள் பெரும்பாலும் ஸ்கூட்டரின் இடத்தைத்தான் பிடிக்கிறது, காரின் இடத்தை அல்ல. இந்த உண்மையைச் சைக்கிள் அன்பர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உயர் வகை சைக்கிளில் தேயும் பாகங்களை மாற்றும் செலவும் அதன் விலையைப் போலவே ஏறுகிறது. எட்டு கியர் செயின் ஆயிரம் ரூபாயையொட்டிக் கிடைக்கும். அது தேய்ந்து முக்கால் சதவீதம் நீளும்வரை ஓட்டலாம். பன்னிரண்டு கியர் செயினை அரைச் சதவீத நீட்சியிலேயே மாற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் பின் சக்கரத்துப் பற்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களையும் அரித்துவிடும். டியூரா-ஏஸ் கேசட் ஒன்றின் விலை இருபதாயிரத்துக்கு மேல். ஒரு சிறிய காருக்கு நான்கு டயர்களை மாற்றும் செலவுக்கு அது அவ்வளவாகக் குறைந்ததல்ல.

கார் பக்கம் சைக்கிள்காரர்கள் செய்யும் வீண் செலவும் ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் சைக்கிளை ஏற்றிச் செல்வதற்கென்றே பெரிய எஸ்யுவி வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இரண்டு சக்கரங்களையும் கழற்றி, பின் இருக்கையை மடக்கினால், சாதாரண ஹேட்ச்பேக் காரிலேயே ஒரு ரோடு சைக்கிள் படுத்துவிடும். டிக்கிக் கதவில் பட்டை கட்டி மாட்டும் கேரியர், நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் மறைத்துவிடுவதால் போக்குவரத்துக் காவலரிடம் பதில் சொல்ல நேரும். கூரைக் கேரியர் சிறந்ததுதான், அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் நுழையும்போது மேலே சைக்கிள் இருப்பது நினைவில் இருந்தால். நகரின் மறுகோடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வாரந்தோறும் போய்வர அறுபது கிலோமீட்டர் கார் ஓட்டினால், ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது என்பதையும் சைக்கிள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

காரே வேண்டாம் என்ற மூன்றாவது வழி, சென்னையில் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவருக்குப் பொருந்தும். புதுக் காரின் தேய்மானம், காப்பீடு, சர்வீஸ் ஆகியவை பெட்ரோல் இல்லாமலேயே மாதம் ஏழாயிரத்தை நெருங்கும். அந்தத் தொகையில் முந்நூறு ரூபாய்ப் பயணங்கள் இருபதுக்கு மேல் போய்வரலாம். ஆனால் வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், அல்லது இரவு பத்து மணிக்கு மேல் வாடகை வண்டி கிடைக்காத ஊரானால், இந்தக் கணக்கை வீட்டாரிடம் நீட்டாமல் இருப்பதே நல்லது.

வரியும் கடனும் இந்த ஒப்பீட்டில் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன்மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் என்றிருந்தது 18 ஆயிற்று. சைக்கிளுக்கான வரி விகிதமே இப்போதும் குறைவு என்றாலும், சதவீதத்திலும் ரூபாய்க் கணக்கிலும் கார்தான் கூடுதலாக இறங்கியது. முழுதாக இறக்குமதியாகும் சைக்கிளுக்கான சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக உயர்த்தப்பட்டதால், உயர் வகை சைக்கிள்களின் விலை இங்கே கனமாகவே இருக்கிறது. காருக்கு வங்கி ஏழு ஆண்டுத் தவணைவரை கடன் தரும், வண்டியே ஈடு. சைக்கிளுக்கு அப்படிப்பட்ட கடன் கிடைப்பதில்லை. கிரெடிட் கார்டு தவணையோ, வட்டி கூடிய தனிநபர் கடனோதான் கதி. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அது ஒருபோதும் சைக்கிளுக்காக இருக்கக்கூடாது.

ஆகவே அந்த எட்டு லட்சத்தில் ஒரு லட்சத்தைப் பழைய காரின் செப்பனிடலுக்கும் நல்ல டயர்களுக்கும், ஒன்றேகால் லட்சத்தை 105 வரிசை அலுமினிய சைக்கிளுக்கும், முப்பதாயிரத்தை ஹெல்மெட், விளக்கு, உடை, காலணி ஆகியவற்றுக்கும் செலவிட்டு, மீதியை வங்கியில் வைக்கச் சொல்வேன். பழைய காருக்கும் எல்லை உண்டு. பதினைந்து ஆண்டு நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரம் ரூபாய் கட்டணம். இருபது ஆண்டு தாண்டிய காருக்கு அது 2025இல் பத்தாயிரமாக்கப்பட்டது. பசுமை வரியும் தகுதிச் சோதனையும் தனி. கட்டணம் பெரிதல்ல; அந்தச் சோதனைக்காகத் தரைத்தகட்டுத் துருவையும் புகையையும் சரிசெய்யும் செலவுதான் பெரிது. எனவே பதினான்காம் ஆண்டில் காரை மாற்றிவிடுவது உசிதம். வங்கியில் இருக்கும் தொகை அதற்குத்தான்.

அப்போது வாங்குவது மூன்று, நான்கு ஆண்டு ஓடிய காராக இருந்தால், தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளரே ஏற்றிருப்பார். சைக்கிளையும் பழையதாக வாங்கலாமா என்றால், அலுமினியமும் எஃகும் வாங்கலாம். காருக்குப் பதிவுச் சான்று, காப்பீடு, சர்வீஸ் ஏடு என்று வரலாறு உண்டு. சைக்கிளுக்கு எதுவும் கிடையாது. அதனால்தான் இரண்டு ஆண்டு சைக்கிள் பாதி விலைக்கும் கிடைக்கிறது. விற்பவரிடம் முதல் பில்லைக் கேட்டு, அதிலுள்ள எண் ஃபிரேமின் அடியில் பொறித்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்து, செயின் நீட்சியை அளந்த பிறகு பேரம் பேசலாம். கார்பன் ஃபிரேமில் விழுந்து அடிபட்ட விரிசல் வெளியே தெரியாமலே உள்ளே இருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதிக்கத் தெரிந்த மெக்கானிக் உடன் வராதவரை பழைய கார்பன் சைக்கிளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.